கடற்காற்றுக்குக் குறுக்கே ஓர் ஓடுபாதை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலுள்ள கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து கிள்ளானுக்குப் புறப்படும் மின்ரயில் மேற்குத் தென்மேற்காகக் கடலை நோக்கிச் செல்கிறது. அந்த இருப்புப்பாதைக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் சுபாங் விமான நிலையத்தின் ஒரே ஓடுபாதையோ வடக்கு வடமேற்கிலிருந்து தெற்குத் தென்கிழக்காக நீள்கிறது. வரைபடத்தில் இவ்விரு கோடுகளையும் நீட்டிப் பார்த்தால் அவை ஏறத்தாழச் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும். ரயில் செல்லும் திசைக்கு நேரெதிராக, அதாவது கடலிலிருந்து நகரத்தை நோக்கி, கிள்ளான் பள்ளத்தாக்கின் பகற்காற்று வீசுகிறது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணினால், சிறு விமானங்கள் அந்த ஓடுபாதையில் இறங்கும்போது எதிர்கொள்ளும் இடர் எத்தகையது என்பது விளங்கத் தொடங்கும். காற்றை முகத்தில் வாங்கி இறங்க வேண்டிய விமானம் இங்கே அதை விலாவில் வாங்கி இறங்குகிறது. இவ்வாறு பக்கவாட்டில் வந்து தாக்கும் காற்றைக் குறுக்குக்காற்று என்பர்.

இந்தப் பயணத்தைப் பிரிக்பீல்ட்ஸில் தொடங்குவதற்கு ரயில் நிலையம் மட்டுமே காரணமன்று. 1886ஆம் ஆண்டு கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையிலிருந்த புக்கிட் கூடாவையும் இணைத்துச் சிலாங்கூரின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர், அந்தப் பாதையை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் குடியேறிய இடம் இது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணியாற்ற, தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தண்டவாளம் இட்டும் பெட்டிகளைப் பழுதுபார்த்தும் உழைத்தார்கள். ஸ்காட் சாலையின் கந்தசுவாமி கோயிலும், விவேகானந்தா ஆசிரமமும், துன் சம்பந்தன் சாலையின் பூக்கடைகளும் அந்த உழைப்பின் வழியாக உருவான ஊரின் அடையாளங்கள். பழைய ரயில்வே முற்றம் இருந்த நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. இந்த ஊரின் முன்னோர் அறிந்திருந்த போக்குவரத்துக்கும் வான்வழிப் போக்குவரத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். ரயில் சக்கரத்துக்கு உட்புறத்தில் விளிம்பு உண்டு. சாதாரணக் காற்று பக்கத்திலிருந்து மோதினால் அந்த விளிம்பு வண்டியைத் தண்டவாளத்தை விட்டு நழுவவிடாது. வானில் பறக்கும் விமானத்துக்கு அப்படிப்பட்ட பிடிமானம் எதுவும் இல்லை. அது காற்று என்னும் பெருந்திரளுக்குள் மிதந்து செல்கிறது. திரள் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் அதுவும் நகர்ந்தே தீரும். நிலத்தைத் தொடும் கணத்தில் மட்டும் அதன் சக்கரங்கள் நேராக உருள வேண்டும் என்று ஓடுபாதை கேட்கிறது. வானத்தின் விதியிலிருந்து நிலத்தின் விதிக்கு மாறும் அந்தச் சில நொடிகளிலேயே குறுக்குக்காற்று விபத்துகள் நேர்கின்றன.

ரயில் அப்துல்லா ஹுக்கும், அங்காசாபுரி, பந்தாய் டாலாம் என்று அடுக்குமாடிகளுக்கு இடையே புகுந்து பெட்டாலிங் ஜெயாவின் விளிம்பைத் தொட்டுச் செல்லும் வேளையில், இந்தப் பள்ளத்தாக்கின் காற்றைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்பது பொருந்தும். கிழக்கே தீத்திவாங்சா மலைத்தொடர் தீபகற்பத்தின் முதுகெலும்பாக வடக்குத் தெற்காக நிற்கிறது. மேற்கே மலாக்கா நீரிணை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம் பகலில் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால், அதன் மேலுள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. வெயில் நன்றாக அடிக்கும் பிற்பகல்களில் இந்தக் கடற்காற்று 10 முதல் 15 நாட் வேகத்தில் உருவாகிக் கடற்கரையிலிருந்து பல பத்துக் கிலோமீட்டர் உள்ளே வரை எட்டுகிறது. நாட் என்பது ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், கடக்கும் வேகம். கடற்கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுவதால், அதற்குச் செங்குத்தாக வரும் காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோதான் வரும். மே மாதப் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை நீடிக்கும் தென்மேற்குப் பருவக்காற்றும் அதே பக்கத்திலிருந்து வருகிறது. நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்று எதிர்த்திசையிலிருந்து வந்தாலும், வரும் கோட்டில் பெரிய மாற்றமில்லை. மலைத்தொடர் அதைத் தடுத்து மட்டுப்படுத்திவிடுகிறது என்பதே இம்மேற்குக் கரைக்குக் கிடைக்கும் சலுகை.

சுபாங்கின் ஓடுபாதை 15 என்றும் 33 என்றும் எண்ணிடப்பட்டுள்ளது. ஓடுபாதையின் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அந்த முனையிலிருந்து விமானம் நோக்கும் திசைகாட்டிப் பாகை கிடைக்கும். ஆகவே ஒரு முனையிலிருந்து 150 பாகை, மறு முனையிலிருந்து 330 பாகை. இதற்குச் செங்கோணத்தில் அமையும் திசைகள் 60 பாகையும் 240 பாகையும் ஆகும். 240 என்பது தென்மேற்குக்கும் மேற்குக்கும் நடுவிலுள்ள திசை, 60 என்பது வடகிழக்குக்கும் கிழக்குக்கும் நடுவிலுள்ள திசை. கடற்காற்றும் இரண்டு பருவக்காற்றுகளும் இவ்விரு திசைகளை ஒட்டியே வீசுகின்றன என்பதைக் காணும்போது, வடக்குத் தெற்காக நீளும் சமவெளியையும் குன்றுகளின் அமைப்பையும் பார்த்து இடப்பட்ட இந்த ஓடுபாதை, நிலத்துக்கு இசைந்து காற்றுக்குக் குறுக்கே அமைந்துவிட்டது என்று சொல்வது மிகையாகாது. 1998இல் சிப்பாங்கில் திறக்கப்பட்ட கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்தின் ஓடுபாதைகளும் 14, 15 என்னும் எண்களையே தாங்கி ஏறக்குறைய அதே திசையில் கிடக்கின்றன.

இதைக் குறையாகக் கூறுவதற்கில்லை. ஓடுபாதைகளின் திசையைத் தீர்மானிக்கப் பன்னாட்டுப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பு ஓர் அளவுகோலைப் பரிந்துரைத்துள்ளது: ஆண்டின் 95 விழுக்காட்டு நேரத்திலாவது குறுக்குக்காற்று ஏற்கத்தக்க அளவுக்குள் இருக்க வேண்டும். அந்த அளவு, மேலெழ 1,500 மீட்டரோ அதற்கு மேலோ தேவைப்படும் பெரிய விமானங்களுக்கு 20 நாட். 1,200 மீட்டருக்கும் குறைவாகத் தேவைப்படும் சிறிய விமானங்களுக்கு 10 நாட். மலேசியாவின் மேற்குக் கரை உலகின் மிக அமைதியான காற்றுப் பகுதிகளுள் ஒன்றாதலால், 20 நாட் என்னும் எல்லையை இங்குள்ள சாதாரணக் காற்று தாண்டுவது அரிது. 1965இல் திறக்கப்பட்டபோது பெரிய ஜெட் விமானங்களை எதிர்நோக்கியிருந்த சுபாங்குக்கு ஒரே திசை போதுமானதாகவே இருந்தது. இன்று அங்கே இறங்கும் விமானங்களுள் பயிற்சி விமானங்களும் தனியார் சிறு விமானங்களும் உள்ளன; அவற்றுக்கு உரிய எல்லை 10 நாட். வெயில் காயும் ஒரு சாதாரணப் பிற்பகலின் கடற்காற்றே அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

தமிழக வாசகர் இதை வேறு ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாலக்காட்டுக் கணவாயின் வழியே ஆடி மாதத்தில் பாய்ந்து வரும் காற்றுக்குப் பெயர் பெற்ற கோயம்புத்தூரில் ஓடுபாதை 05, 23 என்னும் எண்களோடு, அக்காற்று வரும் போக்கிலேயே பெரும்பாலும் கிடக்கிறது. சென்னையில் 07, 25 என்னும் முதன்மை ஓடுபாதையை 12, 30 என்னும் இரண்டாவது ஓடுபாதை வெட்டிச் செல்வதால், காற்று ஒன்றுக்குக் குறுக்கானால் மற்றொன்றைப் பயன்படுத்த இடமுண்டு. காற்று கடுமையாக வீசும் கோயம்புத்தூரில் ஓடுபாதை காற்றோடு நிற்க, காற்று சாதுவாக இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் அது காற்றுக்குக் குறுக்கே நிற்கிறது. பயிற்சி பெறும் இளம் விமானிக்கு இந்த இரண்டாவது நிலை கூடுதல் சோதனையானது என்றே கருத வேண்டும். ஆண்டு முழுவதும் 5, 6 நாட் குறுக்குக்காற்றில் பழகிய கை, ஒரு நாள் திடீரென 18 நாட்டைச் சந்திக்கும்போது, அதைக் கையாளும் பழக்கம் அந்தக் கைக்கு இருக்காது.

சுபாங் ஜெயா நிலையத்தில் இறங்கி விமான நிலையத்துக்குச் சாலை வழியே செல்ல வேண்டும். கே.எல். சென்ட்ரலிலிருந்து நேரே விமான நிலையத்துக்குச் சென்ற ரயில் சேவை 2018இல் தொடங்கி 2023இல் நிறுத்தப்பட்டுவிட்டது. சுல்தான் அப்துல் அஜீஸ் ஷா என்னும் முறையான பெயர் கொண்ட இந்நிலையம், சுங்கை பெசியிலிருந்த பழைய விமான நிலையத்தின் இடத்தை ஏற்று, சிப்பாங் திறக்கப்படும் வரை நாட்டின் தலைவாயிலாக விளங்கியது. 3,780 மீட்டர் நீளமுள்ள அதன் ஓடுபாதை, 500 மீட்டருக்குள் நின்றுவிடக்கூடிய செஸ்னா போன்ற சிறு விமானத்துக்கு நீளத்தைப் பொறுத்தவரை எந்தக் குறையும் வைப்பதில்லை. இங்கே கவலைக்குரியது அகலம்.

கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். நான்கு இருக்கைகள் கொண்ட செஸ்னா 172 ஏறக்குறைய 65 நாட் வேகத்தில் இறங்க வருகிறது. அதன் எடை, ஆட்களையும் எரிபொருளையும் சேர்த்தாலும், 1,100 கிலோகிராமைச் சற்றே தாண்டும். பக்கத்திலிருந்து 15 நாட் காற்று வீசினால், விமானி எதுவும் செய்யாதிருக்கும் பட்சத்தில், விமானம் நொடிக்கு ஏழரை மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகரும். 45 மீட்டர் அகலமுள்ள ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து ஓரத்துக்குச் செல்ல அதற்கு மூன்று நொடிகள் போதும். ஆகவே விமானி மூக்கைக் காற்று வரும் பக்கமாக 13 பாகை அளவுக்குத் திருப்பி, விமானம் ஒரு பக்கம் நோக்கியபடி வேறு பக்கம் செல்லுமாறு ஓட்டி வருகிறார். நடுக்கோட்டை விட்டு விலகாமல் வர இதுவே எளிய வழி, விமானிகள் இதை நண்டு நடை என்பர். அப்படியே நிலத்தைத் தொட்டால் சக்கரங்கள் குறுக்காக இழுபடும். ஆதலால் தொடுவதற்குச் சற்று முன்னர், காலடி மிதிகளால் வாலிலுள்ள சுக்கானைத் திருப்பி மூக்கை நேராக்கி, அதே சமயம் காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி, அந்தப் பக்கத்துச் சக்கரம் முதலிலும் மற்றது பின்னரும் மூக்குச் சக்கரம் கடைசியிலும் நிலத்தைத் தொடும்படி செய்ய வேண்டும். காலும் கையும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இயங்கியும் ஒன்றையொன்று சரிபார்த்தும் நடக்க வேண்டிய இந்த வேலை முழுவதும் ஐந்தாறு நொடிகளில் முடிகிறது.

சக்கரம் தொட்டதும் வேலை முடிந்துவிட்டதென்று நினைப்பதே பல விபத்துகளுக்கு வழிவகுக்கிறது. விமானத்தின் வால்பகுதியில் செங்குத்தாக நிற்கும் பெரிய பரப்பின் மீது காற்று மோதி வாலைத் தள்ள, மூக்கு காற்று வரும் பக்கம் திரும்ப முயலும். வேகம் குறையக் குறையச் சுக்கானும் இறக்கையின் ஓரத்து அசையும் பலகைகளும் வலுவிழக்கின்றன. ஆனால் காற்றின் தள்ளுவிசை குறைவதில்லை. எனவே வேகம் குறையும்போது கைப்பிடியைக் காற்றின் பக்கமாக மேலும் மேலும் திருப்பிக்கொண்டே போக வேண்டும். இறங்கிய நிம்மதியில் விமானி கைப்பிடியைத் தளர்த்தினால் காற்று வரும் பக்கத்து இறக்கை எழும்பும், விமானம் ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குள் பாயும், மூக்குச் சக்கரம் ஒடியும், சுழலி மண்ணில் மோதும். வாலில் சிறு சக்கரம் கொண்ட பழைய வகை விமானங்களில் எடையின் மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், ஒருமுறை திரும்பத் தொடங்கிய விமானம் தானாகவே மேலும் திரும்பி நிலத்திலேயே வட்டமடித்துவிடும்.

இவ்வளவும் சீராக வீசும் காற்றுக்கு உரியவை. வீச்சு என்று கூறப்படும் திடீர் ஏற்றம் இதனோடு சேரும்போது நிலைமை வேறாகிறது. வானிலை நிலையங்கள் காற்றின் வேகத்தைப் பத்து நிமிடச் சராசரியாகவும், ஓடுபாதைக்கான அறிவிப்பில் இரண்டு நிமிடச் சராசரியாகவும் கூறுகின்றன. அந்தச் சராசரியை 10 நாட்டோ அதற்கு மேலோ மீறும் குறுகிய ஏற்றங்கள் இருந்தால் மட்டுமே விமான நிலைய வானிலை அறிக்கையில் வீச்சு தனியே குறிக்கப்படும். 240 பாகையிலிருந்து 15 நாட், வீச்சில் 27 நாட் என்று ஓர் அறிக்கை வந்தால், கேட்பவர் மனத்தில் 15 என்பதே உண்மையான காற்றாகவும் 27 என்பது அவ்வப்போது வரும் விலக்காகவும் பதிகிறது. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், 27 நாட் காற்று 15 நாட் காற்றைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான விசையோடு விமானத்தைத் தள்ளும். சக்கரம் நிலத்தைத் தொடும் அந்த ஒரு நொடியில் எந்த வீச்சு வரும், எது அடங்கும் என்பதை எந்த அறிக்கையும் சொல்ல இயலாது. மேலும், வீச்சு எழும்போது கூடும் தாங்குவிசை அது திடீரென அடங்கும்போது குறைந்துவிடுவதால், ஓரிரு மீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும் விமானம் பொத்தென்று விழுந்து, துள்ளி, துள்ளியபடியே பக்கவாட்டில் நகரும். அதனால்தான் வீச்சுக்கும் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியை இறங்கும் வேகத்தோடு கூட்டிக்கொள்ளுமாறு பயிற்றுநர்கள் கற்பிக்கின்றனர்; மேற்கூறிய காற்றில் அது 6 நாட்.

செஸ்னா 172இன் கையேட்டில் 15 நாட் என்றும், அதைவிடச் சிறிய செஸ்னா 152இன் கையேட்டில் 12 நாட் என்றும் ஓர் எண் அச்சிடப்பட்டுள்ளது. சான்றிதழ் பெறும் காலத்தில் சோதனை விமானி இறங்கிக் காட்டிய குறுக்குக்காற்றின் அளவு அது. விமானம் தாங்கக்கூடிய உச்ச எல்லையைக் குறிப்பதன்று. இந்த விளக்கம் சரியானதே ஆயினும் பயிற்சி வகுப்புகளில் அது சொல்லப்படும் விதம் கவலைக்குரியது. எல்லையன்று என்று கேட்ட மாணவர் அதைத் தாண்டலாம் என்று புரிந்துகொள்ள இடமிருக்கிறது. தேர்ந்த சோதனை விமானி ஒருவர் காட்டிய அளவு என்பதே அந்த எண்ணின் பொருளாதலால், 50 மணி நேரம் பறந்த ஒருவருக்குரிய எல்லை அதைவிடக் கீழேதான் இருக்க வேண்டும்.

மலேசியாவில் தரையிறங்கும் வேளைக் காற்றோடு தொடர்புபட்டுப் பலரும் நினைவில் வைத்திருக்கும் விபத்து கிள்ளான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்ததன்று. 2013 அக்டோபர் 10 அன்று, கோத்தா கினபாலுவிலிருந்து சபாவின் வடமுனையிலுள்ள கூடாட் நகருக்குச் சென்ற மாஸ்விங்ஸ் நிறுவனத்தின் டுவின் ஓட்டர் விமானம், காற்று பலமாக வீசிய வேளையில் இறங்க முயன்று, விமான நிலையத்தை அடுத்திருந்த வீட்டின் மீது மோதியது. விமானத்திலிருந்த 16 பேருள் துணை விமானியும் பயணி ஒருவரும் உயிரிழந்தனர். டுவின் ஓட்டர் குறுகிய ஓடுபாதைகளுக்கென்றே கனடாவில் உருவாக்கப்பட்டது. மெதுவாக வந்து சிறு இடத்தில் இறங்கக்கூடியது. ஆயினும் மெதுவாக இறங்கும் விமானத்தில் காற்றின் வேகம் விமானத்தின் சொந்த வேகத்தில் பெரும் பங்காகிவிடுவதால், காட்டிலும் தீவிலும் உதவும் அதே குணம் வீச்சுக்காற்றில் அதை எளிதாக அலைக்கழிக்கிறது.

சுபாங்கிலிருந்து வடக்கே, ஓடுபாதையின் நீட்சியில் சில கிலோமீட்டர் தொலைவில் எல்மினா இருக்கிறது. ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்டமாக இருந்து, இன்று அகன்ற சாலைகளும் இணைவீடுகளும் கொண்ட நகராக மாறியுள்ள இவ்விடத்தைக் கடக்கும் பயணி, இரு வேறு துயரங்களை நினைக்காமல் செல்ல இயலாது. 1977 செப்டம்பர் 27 அன்று, மோசமான வானிலையில் சுபாங்கை நோக்கி இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானம், இறங்க வேண்டிய உயரத்துக்கும் கீழே இறங்கி எல்மினா தோட்டத்துக் குன்றில் மோத, 79 பேரில் 34 பேர் மாண்டனர். 2023 ஆகஸ்ட் 17 அன்று, லங்காவியிலிருந்து வந்த பீச்கிராஃப்ட் பிரீமியர் வகைச் சிறு ஜெட் விமானம் அதே எல்மினாவின் சாலையில் விழுந்து, விமானத்திலிருந்த எட்டுப் பேரும் சாலையில் சென்றுகொண்டிருந்த இருவரும் உயிரிழந்தனர். தத்தம் வேலையாகக் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் போய்க்கொண்டிருந்த அவ்விருவரின் சாவு, ஓடுபாதையின் நீட்சியில் நகரத்தை வளரவிடுவதன் விலை எவரால் செலுத்தப்படுகிறது என்பதைக் காட்டியது.

இவ்விரண்டையும் குறுக்குக்காற்றின் கணக்கில் எழுதுவது தவறு. 2023 விபத்தைக் காற்றோடு இணைத்த ஊகங்கள் பொதுப்பேச்சில் எழக்கூடியவையே. ஆனால் போக்குவரத்து அமைச்சின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு, தரையில் இறங்கிய பின்னர் மட்டுமே உயர்த்த வேண்டிய இறக்கை மேற்பலகைகள் வானிலேயே தவறுதலாக உயர்த்தப்பட்டதைக் காரணமாகக் கண்டது. அப்பலகைகள் இறக்கையின் தாங்குவிசையை ஒரேயடியாகக் குலைப்பவை. தரையில் சக்கரங்களின் மீது எடையை அழுத்தி விமானத்தை நிறுத்த உதவுபவை. காரணம் சரியாக அறியப்பட்டால்தான் அடுத்தது தடுக்கப்படும் என்பதால், இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையும் சரியான காரணத்தைச் சொல்வதிலேயே அடங்கியிருக்கிறது. குறுக்குக்காற்று விபத்துகளின் இயல்பு வேறு. அவை ஓடுபாதையிலேயே, குறைந்த வேகத்தில் நிகழ்வதால், பெரும்பாலும் எவரும் இறப்பதில்லை. ஒடிந்த சக்கரமும் வளைந்த சுழலியும் மண்படிந்த இறக்கையும் மிஞ்ச, செய்தித்தாளில் ஓர் ஓரத்தில் கூட அவை வராமல் போகலாம். உயிர்ச்சேதம் இல்லாத காரணத்தால் மறக்கப்படும் இத்தகைய நிகழ்வுகளைப் பயிற்சி நிலையங்கள் தம்முள் பேசி, எழுதி, மாணவர்களுக்குப் படிப்பிக்க வேண்டும்; பேசப்படாத சிறு தவறு அடுத்த முறை கூடாட்டில் நிகழ்ந்தது போல வீடொன்றின் வாசலில் முடியக்கூடும்.

மீண்டும் ரயிலேறினால் பத்து தீகா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா ஆகியவற்றைக் கடந்து கிள்ளான் வருகிறது. தெங்கு கெலானா சாலையில் துணிக்கடைகளும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் பூமாலைத் தொங்கல்களும் பிற்பகலிலும் நெரிசல் குறையாமல் நிற்கின்றன. வடமேற்கே காப்பாரை நோக்கிச் செல்லும் சாலையில் செம்பனைத் தோட்டங்களும் தொழிற்சாலைகளும் மாறி மாறி வருகின்றன. 2024 பிப்ரவரி 13 அன்று சுபாங்கிலிருந்து கிளம்பிய சிறு விமானமொன்று காப்பாரின் கம்போங் தோக் மூடாவில் செம்பனைத் தோட்டத்துக்குள் விழுந்து, அதிலிருந்த இருவரும் மாண்டனர். புறப்பட்ட சில நிமிடங்களில் நேர்ந்த அந்த விபத்தும் தரையிறங்கும் வேளைக்கு உரியதன்று. எல்மினாவுக்கும் காப்பாருக்கும் இடையே ஆறு மாதங்களே கழிந்திருந்தமையால், சிறு விமானத்தின் ஒலி தலைக்கு மேல் கேட்டாலே அண்ணாந்து பார்க்கும் வழக்கம் இவ்வட்டாரத்தில் ஏற்பட்டால் அதில் வியப்பில்லை.

கிள்ளானைத் தாண்டித் துறைமுகம் வரை செல்லும் பயணிக்கு, கடற்காற்றைவிடக் கடுமையான மற்றொரு காற்றின் நுழைவாயில் புலப்படும். நீரிணைக்கு அப்பால் சுமத்ரா. தென்மேற்குப் பருவக் காலத்தையும் அதை ஒட்டிய மாதங்களையும் சேர்ந்த இரவுகளில், சுமத்ராவின் மீதோ நீரிணையின் மீதோ இடிமேகங்கள் நீண்ட வரிசையாகத் திரண்டு, கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியலுக்கு முன்னரோ காலையிலோ தீபகற்பத்தின் மேற்குக் கரையைத் தாக்குகின்றன. இவ்வட்டாரத்தினர் இவற்றைச் சுமத்ராக்கள் என்றே அழைக்கின்றனர். வரிசையின் முன்விளிம்பில் மேகத்திலிருந்து கீழே கொட்டும் குளிர்காற்று நிலத்தில் மோதி முன்னோக்கிப் பரவுவதால், மழை விழுவதற்கு முன்னரே மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரையிலான வீச்சுகள் எழுகின்றன. நாட்டில் கூறினால் ஏறக்குறைய 22 முதல் 43. மேற்கிலிருந்து வரும் இவையும் சுபாங்கின் ஓடுபாதைக்குக் குறுக்கானவையே. கடற்காற்று எழுவதற்கு முன்னர் பயிற்சியை முடித்துவிடலாம் என்று விடியற்காலையைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி விமானி, அந்த மாதங்களில் சுமத்ராவின் நேரத்தைத் தேர்ந்தெடுத்தவராகிறார். பிற்பகலோ இடிமழைக்கு உரியது. வெயிலும் ஈரமும் மலையும் சேர்ந்து ஆண்டின் ஏறக்குறையப் பாதி நாட்களில் இடியை எழுப்பும் நகரம் இது. பருவங்கள் மாறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகல் வானத்தை நம்பி எவரும் துணி உலர்த்துவதில்லை.

எனினும் சுமத்ராக்கள் எச்சரிக்கையின்றி வருவன அல்ல. கடலின் மேல் அவை திரள்வதை வானிலைத் துறையின் ராடார் காட்டுகிறது. மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் வரிசை, கிள்ளான் துறைமுகத்திலிருந்து வடகிழக்கே 23 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுபாங்கை எட்ட அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரத்தை என்ன செய்வது என்பது விமானியின் தீர்மானம். மலாக்காவின் பத்து பெரெண்டாம் விமான நிலையத்து ஓடுபாதை 03, 21 என்றும், ஈப்போவின் ஓடுபாதை 04, 22 என்றும் எண்ணிடப்பட்டவை. 240 பாகையிலிருந்து 20 நாட் காற்று வீசினால் சுபாங்கில் அது முழுவதும் குறுக்காக விழும், மலாக்காவில் கோணம் 30 பாகையாகச் சுருங்குவதால் 10 நாட்டாகவும், ஈப்போவில் 20 பாகையாவதால் 7 நாட்டாகவும் குறையும். அங்கேயும் காற்று அதே திசையிலிருந்து வருகிறதா என்று வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். கடலோரத்தில் காற்று திரும்பிவிட்டது என்ற செய்தி கிடைக்கும்போது சுபாங்குக்கு 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சிறு விமானம், 90 நாட் வேகத்தில் வந்தால் நான்கு நிமிடங்களில் ஓடுபாதையைத் தொட்டு, வரிசை வந்து சேர்வதற்கு முன்னரே கட்டி நிறுத்தப்பட்டிருக்கும். 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் விமானத்துக்கு ஓடுபாதையும் வீச்சும் ஏறக்குறைய ஒரே வேளையில் வந்து சேரும், ஆகவே அது அப்போதே மூக்கை மலாக்காவுக்கோ ஈப்போவுக்கோ திருப்ப வேண்டும்.